முளைக்காத காராமணி

போன வாரம் பெரியவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "மத்த வாத்தியாருங்க எல்லாம் தெரியாதுன்னு சொன்னா காதைத் திருகுறாங்க. நீ மட்டும் ஏம்ப்பா சும்மா இருக்கே?" என்றாள். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பேசுவதைவிட எழுதுவது எனக்குக் கொஞ்சம் சுலபம். தப்பு வந்தால் அடித்துத் திருத்திக்கொள்ளலாம். ஆகையால் உங்கள் மூன்று பேருக்குமாக இதை எழுதுகிறேன். சின்னவனுக்கு அக்கா படித்துக் காட்டட்டும்.

இது ஒரு அம்மாளைப் பற்றியது. அவர் பெயரை நாங்கள் யாரும் வாயால் சொன்னதில்லை. டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவோம். நானும் அப்படியே எழுதுகிறேன்.

வெள்ளைக்காரர் ஆட்சி நடந்த காலம். நான் எட்டாவது வரை படித்து, இரண்டு வருஷம் வாத்தியார் பயிற்சி முடித்து, வாணியம்பாடியின் ஒரு கோடியில் ஆரம்பப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆக்டிங் வாத்தியாராக இருந்தேன். ஆக்டிங் என்றால் வேலை இருக்கும், ஆனால் நிச்சயம் இருக்காது. பள்ளிக்கூடத்தின் இரண்டு பக்கமும் தோல் ஷாப்புகள். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் தோல் வாடைதான். பிள்ளைகளின் அப்பாக்கள் அந்த ஷாப்புகளில் தோல் பதனிடும் வேலை செய்தார்கள்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை அந்த வட்டாரத்து ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் நாற்பது பேரும் ஓரிடத்தில் கூடவேண்டும் என்பது உத்தரவு. ஒருவர் மாதிரிப் பாடம் நடத்துவார். மற்றவர்கள் அதில் குற்றம் கண்டுபிடிப்பார்கள். பிறகு காப்பி. அந்தக் கூட்டத்தில் ஆளுக்குப் பெயர் கிடையாது, ஊர்தான் பெயர். நாட்றம்பள்ளி சார், ஆலங்காயம் சார் என்று கூப்பிட்டுக்கொள்வோம். நான் பேட்டை சார். உருதுப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவருக்கு மட்டும் முன்ஷி என்று தனிப் பட்டம்.

இயற்கைப் பாடத்தை நாங்கள் எல்லோரும் புத்தகத்தைப் பார்த்து ஒப்பித்துக்கொண்டிருந்தோம். அதைக் கையால் செய்து காட்டிச் சொல்லிக் கொடுக்க எங்களைப் பழக்குவதற்காக வேலூர்ப் பயிற்சிப் பள்ளியிலிருந்து டீச்சரம்மாவை அனுப்பினார்கள். காட்பாடியில் ரயிலேறி, வாணியம்பாடி ஸ்டேஷனில் இறங்கி, ஒரு கையில் குடையும் ஒரு கையில் கோணிப்பையுமாக நடந்தே வருவார். வயது இருபத்தைந்துக்கு மேல் இராது. எங்களில் பாதிப் பேருக்கு அவர் மகள் வயது.

பையைப் பிரித்தால் வேலூர் லாங் பஜார் சாமான்கள்தான் இருக்கும். விளக்குச் சிம்னி, தகர டப்பா, படிகாரம், நூல்கண்டு. விலை உயர்ந்த பொருள் ஒன்றும் இராது. வலது கை ஆள்காட்டி விரலில் எப்போதும் ஏதாவது ஒரு கறை இருக்கும். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அந்த விரல் தானாக அதன்மேல் போய் ஒரு தேய் தேய்த்துப் பார்க்கும். எங்கள் பள்ளிக்கூடத்துச் சுவரைக்கூட அப்படித்தான் முதலில் தேய்த்துப் பார்த்தார். விரல் வெள்ளையானதும் சிரித்துக்கொண்டார்.

முதல் சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். மூச்சுக் காற்றைப் பற்றிய பாடம். நாம் விடும் மூச்சு தெளிந்த சுண்ணாம்பு நீரைப் பால்போல ஆக்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது. டீச்சரம்மா எங்களில் மூத்தவரான ஆலங்காயம் சாரைப் பார்த்துக் கேட்டார்.

"சார், இதை எத்தினி வருஷமா சொல்லிக் குடுக்கறீங்க?"

"இருபத்தாறு வருஷமா."

"பால் மாதிரி ஆனதை யார் பாத்தது?"

"புஸ்தகத்துல இருக்குதேம்மா."

"அது இருக்குது சார். யார் பாத்தது?"

நாற்பது பேரில் ஒருவர்கூடப் பார்த்ததில்லை. டீச்சரம்மா எட்டுக் கண்ணாடி டம்ளர்களில் சுண்ணாம்புத் தெளிநீரை ஊற்றி, ஊதுவதற்குப் பப்பாளி இலைக் காம்பை வெட்டி ஆளுக்கொன்று கொடுத்தார். ஊதினோம். கன்னம் வலிக்கிறவரை ஊதினோம். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

"நம்ம மூச்சு போதலையா இன்னா?" என்றார் முன்ஷி.

"புஸ்தகத்துக்கு மட்டும்தான் பாலு வரும்போல," என்றார் ஆலங்காயம் சார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. சின்னப் பெண், அழுதுவிடுவார் அல்லது எங்கள்மேல் எரிந்து விழுவார் என்று நான் நினைத்தேன். அவரோ ஒரு டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியலை. ஏன்னு பாக்கலாம்," என்றார்.

பிள்ளைகளே, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாத்தியார் வேலை செய்கிறவர், அதுவும் நாற்பது வாத்தியார்களுக்கு முன்னால், தெரியாது என்று சொல்வதை நான் அதுவரை கேட்டதில்லை. எனக்கு ஒன்று தெரியாவிட்டால் நான் பிரம்பைத் தேடுவேன்.

டம்ளரை மாற்றிப் பார்த்தோம், ஊதுகிற ஆளை மாற்றிப் பார்த்தோம். கடைசியில் முன்ஷி டப்பாவிலிருந்த சுண்ணாம்பை விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"டீச்சரம்மா, இது எங்க வாங்கினது?"

"லாங் பஜார்ல. வாங்கி ரொம்ப நாளாச்சு."

"அதான் பேஜாரு! இது செத்த சுண்ணாம்பு. ஷாப்புல முடி உதிர்க்கறதுக்குத் தோலைச் சுண்ணாம்புல போடுவாங்க இல்ல? இதுல போட்டா ஒரு முடி நகராது. இருங்க, வர்றேன்."

பக்கத்து ஷாப்பிலிருந்து புதுச் சுண்ணாம்பு வந்தது. அதைக் கரைத்துத் தெளிய வைத்து, அதற்குள் காப்பி குடித்து முடித்து, மறுபடி ஊதினோம். டம்ளருக்குள் மெதுவாக, பசும்பாலில் தண்ணீர் கலந்தாற்போல வெள்ளை படர்ந்தது. ஆலங்காயம் சார், "அட, ஆயிடுச்சே!" என்று ஒரே கத்தாகக் கத்தினார். கூட்டம் கலைந்தபோது அந்த டம்ளரைக் கீழே வைக்க அவருக்கு மனம் வரவில்லை. வீட்டில் காட்டுவதற்காகக் கையிலேயே ஏந்திக்கொண்டு வண்டி ஏறப் போய்விட்டார். டம்ளர் பயிற்சிப் பள்ளியுடையது என்று டீச்சரம்மா பின்னாலேயே ஓடவேண்டியதாயிற்று. (நீங்கள் இதைச் செய்தால் ஊதுங்கள், உறிஞ்சாதீர்கள். ஆலங்காயம் சார் ஒருதரம் உறிஞ்சிவிட்டு அரை நாள் நாக்கை வெளியே போட்டுக்கொண்டிருந்தார்.)

அன்று டீச்சரம்மா தம் நோட்டில் எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன். 'முதலில் பால்போல ஆகவில்லை. சுண்ணாம்பு பழையது. முன்ஷி கண்டுபிடித்தார்.' ஆனதைப் பற்றி அதற்கும் கீழே ஒரு வரிதான் இருந்தது.

எங்கள் பாடக் குறிப்பு நோட்டிலும் கடைசியில் ஒரு கட்டம் போடச் சொன்னார். அதற்கு 'நடந்தது' என்று தலைப்பு. "நடக்கவேண்டியது புஸ்தகத்துலயே இருக்குது. அதை எழுத நீங்க வேணாம். நடந்ததை எழுதுங்க," என்பார். நாங்கள் புத்தகத்திலிருந்து அழகாக எடுத்து எழுதியிருந்தால் ஓரத்தில் பென்சிலால் 'யார் பார்த்தது?' என்று போட்டுத் திருப்பித் தருவார். நல்ல நோட்டுக்கும் சரி என்று ஒரு குறி போடமாட்டார். இதனால் அவரைச் சிலருக்குப் பிடிக்காது. அந்தக் கேள்வியையே அவருக்குப் பட்டப் பெயராக வைத்திருந்தார்கள். ஸ்டேஷன் ரோட்டில் குடையைக் கண்டதும், "யார் பாத்தது வருதுய்யா, நோட்டை எடு," என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம்.

இப்படி ஒரு வருஷம் போயிற்று. பிறகு, அடுத்த கூட்டத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றும், மாதிரிப் பாடம் என் பள்ளிக்கூடத்தில், நான்தான் நடத்தவேண்டும் என்றும் தகவல் வந்தது. பாடம் நன்றாக இருந்தால் விசிட் புஸ்தகத்தில் இன்ஸ்பெக்டர் நாலு வரி எழுதுவார். அந்த நாலு வரி இருந்தால் என் பெயருக்கு முன்னால் இருக்கும் ஆக்டிங் போய்விடும். பெரியவளே, அப்போது நீ உன் அம்மா வயிற்றில் இருந்தாய். எனக்கு அந்த நாலு வரி எவ்வளவு வேண்டியிருந்தது என்று நீயே யோசித்துக்கொள்.

பாடம், விதை முளைக்க என்ன வேண்டும் என்பது. நாலாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு இரண்டு மண்சட்டிகளில் காராமணி விதைத்தேன். ஒன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவோம், ஒன்றுக்கு ஊற்றமாட்டோம். ஊற்றினது முளைக்கும், ஊற்றாதது முளைக்காது. இதைவிடச் சுலபமான பாடம் உண்டா? முன் வரிசையில் உட்காரும் ஒரு பெண் பள்ளிக்கூடக் கிணற்றுத் தண்ணீரை நாள் தவறாமல் ஊற்றினாள். காலையில் வந்ததும் அவளுக்குச் சட்டியைப் பார்ப்பதுதான் முதல் வேலை.

ஒரு வாரம் ஆயிற்று. முளைக்கவில்லை. விதை சொத்தை என்று நினைத்து வேறு விதை போட்டேன். அதுவும் முளைக்கவில்லை. கூட்டத்துக்கு முதல் நாள் மண்ணைக் கிளறிப் பார்த்தால் விதைகள் ஊறி, நிறம் மாறிக் கிடந்தன. இரண்டு சட்டியும் ஒன்றுபோல மொட்டையாக இருந்தன. தண்ணீர் ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும் ஒன்றுதான் என்றா இன்ஸ்பெக்டர் முன்னால் பாடம் சொல்வது?

நம் வீடு அப்போது ஊரின் மறு பக்கத்தில், பாலாற்று ஓரத்தில் இருந்தது. ஆற்று ஊற்றுத் தண்ணீரை ஊற்றி உங்கள் அம்மா கொல்லையில் காராமணி போட்டிருந்தாள். அது நாலு விரல் உயரம் வந்து இரண்டு இலை விட்டிருந்தது. காலையில் அதில் ஐந்து செடிகளை வேரோடு எடுத்து வாழையிலையில் சுற்றினேன்.

"இன்னாங்க இது, மொளைச்சதைப் புடுங்கிக்கினு போறீங்க?"

"பள்ளிக்கூடத்துக்கு."

"அங்கயும் வெதை போட்டிருக்கறதா சொன்னீங்களே?"

பள்ளிக்கூடத்தில் யாரும் வருவதற்கு முன் அந்த ஐந்தையும் தண்ணீர் ஊற்றின சட்டியில் நட்டு மண்ணைச் சமன் செய்து வைத்தேன். முன் வரிசைப் பெண் வந்தாள். சட்டியைப் பார்த்ததும் அவள் கண் விரிந்தது.

"சார்! நேத்து சாயங்காலம்கூட ஒண்ணும் இல்லையே சார்?"

"ராத்திரி மொளைச்சிருக்கும்."

"ஒரே ராத்திரியிலயா சார்?"

"ஆமாம் ஆமாம். போய் உக்காரு."

அவள் நம்பிவிட்டாள். நான் வாத்தியார் அல்லவா.

பாடம் நன்றாகவே நடந்தது. மற்ற வாத்தியார்கள் எல்லோரும் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். தலைப்பாகையும் கோட்டுமாக இன்ஸ்பெக்டர் என் நாற்காலியில் இருந்தார். டீச்சரம்மா ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தார். பாடம் முடிந்ததும் இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்து விசிட் புஸ்தகத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். எனக்கு நெஞ்சு லேசாயிற்று. எழுதுவதற்கு முன், சும்மா ஒரு வார்த்தைக்காக, முன் வரிசைப் பெண்ணைப் பார்த்து, "விதை எத்தனை நாளில் முளைச்சது பாப்பா?" என்று கேட்டார்.

அவள் எழுந்து நின்று கணீரென்று சொன்னாள். "ஒரே ராத்திரியிலங்க ஐயா! நேத்து ஒண்ணுமே இல்ல. காலையில வந்து பாத்தா நாலு விரல் ஒசரம்!"

வகுப்பே சிரித்தது. இன்ஸ்பெக்டரும் சிரித்தார். "ஒரே ராத்திரியில கோயில் கட்டுற பூதம் ஏதாவது வந்துதா?" என்றார்.

"நெசமாங்க ஐயா. நான் பாத்தேன்."

இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்த வரியை எழுத எனக்கு இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், நானும் சிரித்தேன்.

டீச்சரம்மா மட்டும் சிரிக்கவில்லை. சட்டியின் பக்கம் வந்து குனிந்தார். அந்த ஆள்காட்டி விரல் சட்டியின் வெளிப்புறத்தை ஒரு தேய் தேய்த்தது. சட்டி முழுவதும் வெள்ளையாக ஏதோ பூத்திருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். விரலைப் பார்த்தார், செடியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவருடைய கேள்வியை அன்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை நான் இன்னொரு பொய் சொல்லியிருப்பேன்.

அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள். தலையைக் குனிந்துகொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி, "தப்பா சொல்லிட்டேனா சார்?" என்றாள்.

நான் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினேன். "ஐயா, அந்தப் பொண்ணு சொன்னது சரிங்க. நேத்து வரைக்கும் ஒண்ணும் மொளைக்கலை. காலையில நான்தான் வீட்டுச் செடியைக் கொண்டாந்து நட்டேன்."

எங்கோ ஒரு ஷாப்பில் தோல் அடிக்கிற சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "ஏம்மா, ஒரு வருஷமா நீங்க சொல்லிக்குடுத்த செய்முறை இதுதானா?" என்று டீச்சரம்மாவைக் கேட்டார்.

"அவர் செஞ்சது தப்புங்க ஐயா. அதைச் சரின்னு நான் சொல்லமாட்டேன். ஆனா முளைக்கலைங்கறது நெசம். ஏன் முளைக்கலைன்னு எனக்குத் தெரியலை. பாக்கலாமுங்களா?"

"நீங்க பாருங்க. எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு."

அவர் மறுபடி பேனாவைத் திறந்து எழுதினார். ஆசிரியர் பிள்ளைகளை ஏமாற்றினார், நிரந்தரம் செய்வதை ஒரு வருஷம் தள்ளி வைக்கிறேன் என்று. அவர்மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை.

அவர் போனதும் டீச்சரம்மா என்னைக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எந்தத் தண்ணி ஊத்துனீங்க?" பள்ளிக்கூடக் கிணற்றுத் தண்ணீர் என்றேன். ஒரு தகர மூடியில் அந்தத் தண்ணீரை விட்டு அடுப்பில் வைத்துச் சுண்ட விட்டார். அடியில் வெள்ளையாகப் படிந்தது. சட்டியில் பூத்திருந்ததும் அதுபோலத்தான் இருந்தது. முன்ஷி அதை நாக்கில் வைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "உப்பும்மா! ஷாப்புல உப்புத்தோலை ஊறப்போட்டுக் கழுவி விடுறாங்களே, அந்தத் தண்ணி போற கால்வாய் கிணத்தை ஒட்டித்தான் போவுது."

"இருக்கலாம் சார். ஆனா ஒரு சட்டியை வெச்சிச் சொல்லக்கூடாது," என்றார் டீச்சரம்மா. ஒரே மூட்டையிலிருந்து ஆளுக்குப் பத்துக் காராமணி எண்ணிக் கொடுத்தார். அவரவர் ஊரில், ஆற்று மணலில் போட்டு, அவரவர் பள்ளிக்கூடக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றி, அடுத்த கூட்டத்துக்குச் சட்டியோடு வரவேண்டும்.

அந்தச் சனிக்கிழமையை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். வண்டியிலும் ரயிலிலும் தலையிலும் நாற்பது சட்டிகள் வந்தன. ஆலங்காயம் சார் தம் சட்டியைக் குழந்தையைப்போல இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். பத்தும் முளைத்து ஆடிக்கொண்டிருந்தது. "எங்க மலைத்தண்ணி அப்படி!" என்று பார்க்கிறவரிடமெல்லாம் காட்டினார். டீச்சரம்மா எங்கள் வராந்தாவில் சட்டிகளை ஊர் வரிசைப்படி வைக்கச் சொன்னார். தூரத்து ஊர்கள் இரண்டு கோடியிலும், ஷாப்புகளை ஒட்டிய பள்ளிக்கூடங்கள் நடுவிலும் வந்தன. யாரும் ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை. இரண்டு பக்கமிருந்தும் பச்சையாக வந்து, நடுவில் வரவரக் கம்மியாகி, என் சட்டியும் பக்கத்துச் சட்டிகள் மூன்றும் வெறும் மணலாக இருந்தன. அந்த நாலு கிணற்றுத் தண்ணீரைத்தான் எங்கள் பிள்ளைகள் தினமும் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

முன்ஷி அந்த நாலு மொட்டைச் சட்டிகளையும், எதிரில் வைத்துக் காட்ட ஆலங்காயம் சட்டியையும் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு ஷாப்பு முதலாளியிடம் போனார். "இன்னா சொன்னார்?" என்று ஆவலாகக் கேட்டோம். "ரொம்ப நேரம் சட்டியைப் பாத்துக்கினே இருந்தாரு. அப்புறம் ஆலங்காயம் சட்டியை வெச்சிட்டுப் போன்னாரு," என்றார் முன்ஷி. திங்கட்கிழமை முதல் அந்த முதலாளியின் மாட்டுவண்டி ஒன்று காலையில் பீப்பாயில் ஆற்று ஊற்றுத் தண்ணீர் கொண்டுவந்து நாலு பள்ளிக்கூடத்திலும் ஊற்றிவிட்டுப் போயிற்று. கால்வாய் அப்படியேதான் இருந்தது. பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர் மட்டும் மாறிற்று. ஆலங்காயம் சார்தான் தம் சட்டி திரும்பி வரவில்லையே என்று பல மாதம் புலம்பிக்கொண்டிருந்தார்.

முன் வரிசைப் பெண்ணிடமும் நான் சொன்னேன். இன்ஸ்பெக்டர் வந்து போன மறு திங்கட்கிழமை, முழு வகுப்புக்கும் முன்னால். "நீ பாத்ததுதான் சரி. விதை ஒரே ராத்திரியில அவ்வளவு வளராது. நான் சொன்னது பொய்," என்றேன். அவள், "அப்ப நீங்கதான் சார் தப்பு," என்றாள். ஆமாம் என்றேன்.

அடுத்த வருஷம் என்னை நிரந்தரம் செய்தார்கள். டீச்சரம்மா அதற்குள் வேறு ஜில்லாவுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அதன்பின் அவரை நான் பார்க்கவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இன்ஸ்பெக்டர் போன அன்றே டீச்சரம்மா என் பாடக் குறிப்பு நோட்டைக் கேட்டு வாங்கினார். அதில் 'நடந்தது' என்ற கட்டத்தில், 'ஐந்தாம் நாள் முளைத்தது' என்று இன்ஸ்பெக்டர் வருவதற்கு முதல் நாளே அழகாக எழுதி வைத்திருந்தேன். அவர் அதைப் படித்துவிட்டுப் பென்சிலை என்னிடம் நீட்டினார். நான் அந்த வரியை அடித்துவிட்டு, கீழே, 'முளைக்கவில்லை. இரண்டு முறை' என்று எழுதினேன். அவர் பென்சிலைத் திரும்ப வாங்கி, அதன் பக்கத்தில் ஒரு சரி போட்டார்.

நோட்டு நம் தகரப் பெட்டியில் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள். நோட்டு முழுவதும் தேடினாலும் சரிக்குறி அந்த ஒன்றுதான்.